கையெழுத்தும் மனச்சம்மதமும்

விதை வாங்கும் குடியானவர் அதை அப்படியே வயலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவதில்லை. நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்துவைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்த்த பிறகே நாற்றங்காலில் தெளிக்கிறார். சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடத்தியும் பார்க்கிறார். அதே மனிதர், அந்த வயலையும் மாட்டையும் ஒருங்கே கொண்டுபோய்விடக்கூடிய பத்திரம் ஒன்று எதிரில் நீட்டப்படும்பொழுது, எந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டுவிடுகிறார். உயர்ந்த ரகத்தைப் பயிரிட்டு, தழையும் எருவும் இட்டு, ஏக்கருக்கு நாலு மூட்டை கூடுதலாகக் கண்டாலும், நிலமே ஒரு காகிதத்தின் வழியாகக் கைமாறிவிடுமானால் அந்த அபிவிருத்தியால் பயன் பெறுகிறவர் வேறொருவராகிவிடுகிறார். ஆகவே, இவ்விஷயம் விவசாயத்திற்குப் புறம்பானது என்று எவரும் எண்ணவேண்டுவதில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துபோயிற்று என்பது கிராமங்களில் பரவலாக நிலவும் எண்ணம். கட்டாயத்தின்பேரில் போட்டது என்று வாயால் சொன்னாலே பத்திரம் செல்லாமற் போய்விடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இவ்விரண்டும் பிசகானவை. 1872-ம் வருஷத்து 9-வது சட்டமாகிய இந்திய ஒப்பந்தச் சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியை வகுத்திருக்கிறது. அவ்வழி குறுகலானதுதான், ஆயினும் காலத்தில் நடப்பவர் அதன் வழியாக வெளியேற முடியும்.

இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஒப்புக்கொள்வதே சம்மதம் என்று அச்சட்டத்தின் 13-வது பிரிவு சொல்லுகிறது. பலாத்காரம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று, பிசகு ஆகிய ஐந்தில் ஒன்றால் விளையாத சம்மதமே சுயேச்சையான சம்மதம் என்பது 14-வது பிரிவு. முதல் நான்கில் ஒன்றால் சம்மதம் பெறப்பட்டிருந்தால், ஒப்பந்தம் தானாக அழிந்துவிடுவதில்லை. எவருடைய சம்மதம் அவ்வாறு பெறப்பட்டதோ அவர் விரும்பினால் அதை ரத்து செய்துகொள்ளலாம். விரும்பினால் நிலைக்கவும் விடலாம். அவர் சும்மா இருந்துவிட்டால் அது நிலைத்தே நிற்கும். கிராமத்தில் பலர் சொத்தை இழப்பது இந்தச் சும்மா இருத்தலினால்தான்.

பலாத்காரம் என்றவுடன் தடியும் அரிவாளும் நினைவுக்கு வருகின்றன. சட்டத்தின் கருத்து அதைவிட விரிவானது. தண்டனைச் சட்டம் விலக்கிய காரியம் எதையேனும் செய்வதும், செய்வதாக மிரட்டுவதும் மட்டுமன்று. ஒருவருடைய சொத்தைச் சட்டவிரோதமாக நிறுத்திவைத்துக்கொண்டு, அதன்மூலம் சம்மதம் பெறுவதும் பலாத்காரமே. களத்துமேட்டில் கிடக்கும் நெல்லை வண்டியேற்றவிடாமல் மறித்தும், பட்டியில் மாடுகளை அடைத்துவைத்தும் எழுதி வாங்கப்படும் சீட்டுகள் இந்த வகையைச் சேரும். 1927-ல் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்மானித்த ஒரு வழக்கில், வேலை முடிந்த ஏஜெண்டு ஒருவர் கணக்குப் புத்தகங்களைப் புதிய ஏஜெண்டிடம் ஒப்புவிக்க மறுத்து, தமக்கு இனிப் பொறுப்பில்லை என்று முதலாளியிடம் விடுதலைப் பத்திரம் பெற்றுக்கொண்ட பிறகே கொடுத்தார். அவ்விடுதலை ரத்து செய்யத்தக்கதாயிற்று.

இதற்கும் முந்திய 1889-ம் வருஷத்து வழக்கொன்று நெஞ்சை உறுத்துவது. பதின்மூன்று வயதில் விதவையான ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து கணவனுடைய பிரேதத்தை எடுக்கவிடாது தடுத்து, அவள் ஒரு பையனைச் சுவீகாரம் செய்துகொள்ள ஒப்பிய பிறகே சவத்தை வெளியே கொண்டுபோக விட்டனர். சுவீகாரம் அவளைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. 1917-ல் வந்த மற்றொரு வழக்கில், கணவன் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டி, தன் மனைவியும் மகனும் தங்களுடையவை என்று கோரிய சொத்துக்களைத் தன் சகோதரனுக்கு விட்டுக்கொடுக்கும்படி எழுதவைத்தான். மூன்று நீதிபதிகளில் இருவர் அது பலாத்காரமே என்றனர், ஒருவர் மாறுபட்டார். தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டித்துவந்த பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமுலிலிருக்கும் பாரதீய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. ஆதலால், இனி இத்தகைய நிலையில் உள்ளவர் பலாத்காரத்தை மட்டும் நம்பாமல், அடுத்துக் கூறப்படும் தகாத செல்வாக்கையும் சேர்த்துக் கோருவதே பத்திரமானது.

கடனைக் கொடுக்காவிட்டால் சிவில் கோர்ட்டில் தாவா போடுவேன் என்று சொல்வது பலாத்காரமாகாது. அது கடன் கொடுத்தவருடைய உரிமை. பொய்க் கிரிமினல் கேஸ் ஜோடிப்பேன் என்று மிரட்டினால் விஷயம் வேறு. இந்த வித்தியாசத்தை அறியாது வக்கீலிடம் சென்று ஏமாற்றத்துடன் திரும்புகிறவர்கள் அநேகர்.

விவசாயிகளுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது தகாத செல்வாக்கைப் பற்றிய 16-வது பிரிவாகும். ஒருவர் மற்றொருவருடைய மனத்தை அடக்கி ஆளக்கூடிய நிலையில் இருந்து, அந்த நிலையை உபயோகித்துத் தமக்கு நியாயமற்ற லாபம் தேடிக்கொள்வதே இது. தகப்பனுக்கும் மகனுக்கும், குருவுக்கும் சிஷ்யனுக்கும், வைத்தியருக்கும் நோயாளிக்கும், காரியஸ்தருக்கும் சொத்துக்காரருக்கும் இடையே இந்நிலை உண்டாகலாம். வயோதிகத்தாலும் வியாதியாலும் மனச்சங்கடத்தாலும் புத்தி தளர்ந்தவரிடம் எழுதி வாங்குவதும் இதில் அடங்கும். மறுமைக்கு நலம் என்று சொல்லி, தம் சீடர் ஒருவரிடம் சொத்து முழுவதையும் தானம் எழுதி வாங்கிய ஒரு குருவின் பத்திரத்தை 1890-ல் அலகாபாத் ஹைக்கோர்ட்டு தள்ளிவிட்டது.

இப்பிரிவு இன்றுள்ள உருவத்தைப் பெற்றது 1899-ம் வருஷத்துத் திருத்தத்தினால். சட்டத்தை இயற்றியவர்கள் விதியைச் சொல்வதோடு நில்லாமல், அங்கங்கே சிறு உதாரணங்களையும் கூட எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படிக்கும்போது, எழுதியவர்களின் கண்முன் நின்றது பட்டணத்து வியாபாரி மட்டுமல்ல என்பது புலனாகும். ஓர் உதாரணம்: தன் ஊர் லேவாதேவிக்காரருக்கு முன்னமே கடன்பட்ட ஒருவன், மிகவும் அநியாயமாகத் தோன்றும் நிபந்தனைகளின்பேரில் அவரிடமே புதிய கடன் வாங்குகிறான், அப்போது, தகாத செல்வாக்கு இல்லாமலே அந்த ஒப்பந்தம் ஏற்பட்டது என்று ருஜுப்பிக்கவேண்டிய பாரம் லேவாதேவிக்காரர்மேல் சாரும். 19-ஏ பிரிவின் கீழுள்ள உதாரணத்தில் விவசாயி என்ற சொல்லே வருகிறது. லேவாதேவிக்காரர் ஒருவர் ஒரு விவசாயிக்கு 100 ரூபாய் கொடுத்து, தகாத செல்வாக்கினால், மாதம் நூற்றுக்கு 6 வட்டியுடன் 200 ரூபாய்க்கு அவரிடம் பத்திரம் பெறுகிறார். கோர்ட்டார் அப்பத்திரத்தை ரத்து செய்து, வாங்கிய 100 ரூபாயையும் நியாயமென்று தோன்றும் வட்டியையும் மட்டும் திருப்பிக் கொடுக்கும்படி விவசாயிக்கு உத்தரவிடலாம். வாங்கிய முதலுக்கு விடுதலை இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பத்திரம் போனால் கடனும் போயிற்று என்று கிராமத்தில் யாரேனும் யோசனை சொன்னால் அதை நம்பலாகாது.

இந்த உதாரணங்கள் வெறுங்கற்பனையல்ல. சட்டம் பிறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1875 மே மாதத்தில், பூனா ஜில்லா சூபா என்னும் ஊரில் ரயத்துகள் கூடி வட்டிக்கடைக்காரர்களின் வீடுகளில் புகுந்தனர். அகமத்நகர் ஜில்லாவிலும் அது பரவிற்று. அவர்கள் பெரும்பாலும் நாடியது பணத்தையல்ல, பத்திரங்களையே. அவற்றை வாரிக் குவித்து எரித்தனர். இதன் விளைவாக நியமிக்கப்பட்ட கமிஷனின் விசாரணைக்குப் பின், 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தில் கண்ட தொகையோடு நில்லாமல், முதல் கடன் வாங்கிய நாள்தொட்டு நடந்த கொடுக்கல் வாங்கலைக் கோர்ட்டார் தோண்டிப் பார்க்கலாம் என்றும், குடியானவர் எழுதிக்கொடுக்கும் பத்திரம் கிராம ரிஜிஸ்திராரின் மேற்பார்வையில் எழுதப்படவேண்டும் என்றும் அது விதித்தது. அச்சட்டம் இப்போது வழக்கில் இல்லை. எழுத்தறியாதவன் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும் என்ற அதன் கருத்து மாத்திரம் இன்றும் அவசியமாயிருக்கிறது. தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்க 2003-ல் ஒரு தனிச் சட்டம் செய்யப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

வட்டி அதிகம் என்ற ஒரு காரணத்தைக் கொண்டு மாத்திரம் பத்திரத்தை உடைத்துவிட முடியாது. பணமுடை மிகுந்த காலத்தில், வழக்கத்துக்கு மீறிய வட்டிக்குத்தான் கடன் தருவேன் என்று ஒரு பாங்கிக்காரர் சொல்லி, அதற்கு ஒருவர் இணங்கினால் அது தகாத செல்வாக்காகாது என்று அதே 16-வது பிரிவின் இன்னோர் உதாரணம் கூறுகிறது. 1924-ல் பிரிவி கௌன்ஸில் தீர்த்த வழக்கு இதற்குத் தக்க சான்று. தகப்பனுக்கும் மகனுக்கும் குடும்பச் சொத்தைப்பற்றிச் சண்டை மூண்டது. தகப்பன் தொடுத்த கிரிமினல் நடவடிக்கைக்கு எதிர்வழக்காட, மகன் தன் சொத்தை அடமானம் வைத்து, நூற்றுக்கு 24 வட்டிக்கு வட்டி என்ற கணக்கில் 10,000 ரூபாய் கடன் வாங்கினான். பதினோரு ஆண்டுகளில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. ஆயினும் பிரிவி கௌன்ஸில் அவனுக்கு அனுகூலமாகத் தீர்க்கவில்லை. முதலில், ஒருவர் மற்றவருடைய மனத்தை ஆளும் நிலையில் இருந்தார் என்று ருஜுவாகவேண்டும். அதற்குப் பிறகே செல்வாக்கு உபயோகப்படுத்தப்பட்டதா என்பதும், நிபந்தனை அநியாயமானதா என்பதும் கேள்வியாகும் என்று அது வரிசையை வகுத்தது. அவனுக்குப் பணம் அவசரமாக வேண்டியிருந்தது என்பது உண்மை. கொடுத்தவர் அவன் மனத்தை ஆண்டார் என்பதற்கு ருஜு இல்லை. மேற்சொன்ன ஊர் லேவாதேவிக்காரரின் உதாரணத்தில், பழைய கடனே அந்த ஆளும் நிலையை உண்டாக்குகிறது. ஆகவே வழக்குக்குப் போகிறவர் வட்டி விகிதத்தைச் சொல்லிப் புலம்புவதைவிட, பழைய கடன் சீட்டுகளையும், செலுத்திய ரசீதுகளையும், உறவின் வரலாற்றையும் தேடி எடுத்துவைப்பதே பயனுள்ளது.

உறவு நெருக்கமானது என்பதாலும் மாத்திரம் செல்வாக்கு ருஜுவாகிவிடாது. பாட்டன் பேரனுக்கு எழுதிய தானப் பத்திரம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. பெற்றவரும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருப்பதனாலேயே ஒவ்வொரு தானமும் சந்தேகத்துக்குரியதாகிவிடுமானால், எந்த முதியவரும் தம் சொத்தைத் தம் மனம்போல் கொடுக்க முடியாமற் போகும். தனித்த யோசனை கிடைத்ததா என்பதே பல வழக்குகளில் தராசு முள்ளாக நிற்கிறது. சிங்கப்பூரில் எழுத்தறியாத ஒரு முதிய மலாய் மாது, தன் காரியங்களையெல்லாம் கவனித்துவந்த மருமகனுக்குத் தன் சொத்தில் ஏறக்குறைய முழுவதையும் தானம் எழுதினாள். வக்கீல் ஒருவர் பத்திரத்தை அவளுக்கு விளக்கியதும் உண்டு. ஆனால் அது அவளுடைய சொத்து முழுவதும் என்பதை அந்த வக்கீலே அறியார். உயில் எழுதி வைத்தால் போதுமே என்ற யோசனையையும் அவர் சொல்லவில்லை. 1929-ம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான பிரிவி கௌன்ஸில் தீர்ப்பு, அந்தத் தானத்தை நிலைநிறுத்த மறுத்தது. வீட்டு முதியவர்களிடம் எழுதிப் பெறுகிற பிள்ளைகள், பின்னால் சகோதரர்கள் தொடுக்கும் வழக்கிலிருந்து தப்பவேண்டுமானால், முதியவர் தமக்கு வேண்டிய வக்கீலிடம் தனியே பேசிய பிறகே பத்திரம் எழுதும்படி பார்த்துக்கொள்வது அவர்களுக்கே நல்லது.

மோசடி என்பது, பொய்யென்று தெரிந்தே ஒன்றை மெய்யென்று சொல்லுதல், தெரிந்ததை முயன்று மறைத்தல், நிறைவேற்றும் எண்ணமில்லாமலே வாக்குக் கொடுத்தல் முதலியன. மெய்யென்று நம்பியே ஒருவர் தவறாகச் சொன்னால் அது தவறான கூற்று. இரண்டிலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். மோசடியில் நஷ்டஈடும் கேட்கலாம். வெறுமனே வாய்மூடி இருப்பது பொதுவாக மோசடியாகாது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் அதன் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருந்தால் அது மோசடியன்று. வாங்குகிறவள் அப்போதுதான் மேஜரான அவர் மகளாயிருந்தால், சொல்லவேண்டிய கடமை அவருக்கு உண்டு என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கும் வழக்கம் எவ்வளவு நியாயமானது என்பது இதனால் விளங்கும்.

பார்க்கக்கூடியதைப் பார்த்துவிட்டு, பிறகு ஏமாந்தேன் என்று சொல்லவும் வழியில்லை. ஓர் அவுரிச் சாயத் தொழிற்சாலையில் வருஷத்துக்கு 500 மணங்கு சாயம் தயாராகிறது என்று தோன்றும்படி விற்பவர் தவறாகச் சொல்கிறார். வாங்குகிறவர் கணக்குகளைத் தாமே பரிசோதித்து, 400 மணங்கே என்று கண்டபிறகும் வாங்கிவிடுகிறார். அவர் அந்தச் சொல்லால் ஏமாறவில்லையாதலால் ஒப்பந்தம் நிற்கும். நிலம் வாங்குகிறவர் கிணற்றில் தண்ணீர் எத்தனை நாழிகை இறைக்கும் என்று விற்பவர் வாயிலிருந்து கேட்பதோடு நில்லாமல், கோடையில் ஒருமுறை தாமே இறைத்துப் பார்ப்பது இக்காரணத்தாலும் விரும்பத்தக்கது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எழுதப்பட்டது எந்த ஜாதிப் பத்திரம் என்பதிலேயே ஒருவரை ஏமாற்றுவது வேறு. பத்திரத்தின் ஜாதி தெரிந்திருக்க, உள்ளே எழுதிய சங்கதியில் ஏமாற்றுவது வேறு. முன்னதில் சம்மதமே இல்லை. பத்திரம் பிறக்கும்போதே செல்லாதது. பின்னதில் அது ரத்து செய்யத்தக்கது மட்டுமே. 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த வழக்கில், எழுத்தறியாத ஒரு பெண் தன் மகளுக்குத் தானப் பத்திரம் எழுதுவதாக நம்பிக் கைநாட்டு வைத்தாள். ஒரே சமயத்தில் இரண்டு தஸ்தாவேஜுகளில் அவள் ரேகை எடுக்கப்பட்டது. இரண்டாவது, பிறருக்கு எழுதிய கிரயப் பத்திரம். அந்தக் கிரயம் அடியோடு செல்லாது என்று கோர்ட்டு முடிவு செய்தது.

பிசகைப் பற்றி நீளச் சொல்லவேண்டுவதில்லை. ஒப்பந்தத்துக்கு இன்றியமையாத ஒரு சங்கதியில் இரு தரத்தாரும் பிசகாக எண்ணியிருந்தால் ஒப்பந்தம் செல்லாது. பேரம் பேசும்போதே குதிரை இறந்துபோயிருக்க, இருவரும் அதை அறியாமலிருந்ததுபோல. ஒருவர் மாத்திரம் பிசகியிருந்தாலோ, நம் நாட்டுச் சட்டத்தைத் தெரியாமல் பிசகியிருந்தாலோ அது பெரும்பாலும் உதவாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் எழுதிக்கொடுத்தது சம்மதத்தைப் பற்றிய கேள்விக்கே வருவதில்லை. 20,000 ரூபாய்க்கு மைனர் ஒருவர் எழுதிய அடமானம் அடியோடு செல்லாது என்று 1903-ல் பிரிவி கௌன்ஸில் தீர்ப்பளித்தது.

இனி, கிராமங்களில் அடிக்கடி நேரும் இரண்டு ஆபத்துக்களைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். முதலாவது, வெற்றுத்தாளில் கையெழுத்து. ஸ்டாம்பு ஒட்டிய வெற்று பிராமிசரி நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுப்பவர், அந்த ஸ்டாம்பு தாங்கும் அளவுக்குள் தொகையைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்தவராகவே 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவால் முதற்பார்வைக்குக் கருதப்படுவார். நோட்டில் கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டால், பணம் கைமாறியது என்றே 118-வது பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று காட்டவேண்டியது கையெழுத்திட்டவரின் பொறுப்பு. உரக்கடையில் பாக்கிக்கு ஈடாக ஒரு வெற்று நோட்டு, அறுவடை இயந்திர வாடகைக்கு ஒன்று, பெண்ணின் கலியாணத்துக்கு ஒன்று என்று கொடுத்துவைக்கும் வழக்கம், தொகை எழுதாமல் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கடன் தீர்ந்த பிறகும் நோட்டைக் கேட்டு வாங்கிக் கிழிக்காமல், பெரிய மனிதர்தானே, வைத்திருக்கட்டும் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, நம்பிக்கைக் கிரயம். கடனுக்கு ஈடாக அடமானம் எழுதாமல், நிலத்தைச் சுத்தக் கிரயமாக எழுதிக்கொடுத்து, பணத்தைத் திருப்பினால் நிலத்தைத் திருப்பி எழுதித் தருவதாக வாய்ச்சொல்லில் விடுவது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-வது பிரிவில் 1929-ல் சேர்ந்த ஒரு நிபந்தனைப்படி, திருப்பி எழுதித்தரும் ஷரத்து அதே பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்தாலன்றி, அந்தக் கிரயம் அடமானமாகக் கருதப்படமாட்டாது. தனியே ஒரு காகிதத்தில் எழுதிய ஒப்பந்தமும் அதை அடமானமாக்காது. பத்திரத்தின் வாசகத்துக்கு விரோதமாக வாய்ச்சாட்சியம் சொல்லவும் சாட்சியச் சட்டம் பொதுவாக இடங்கொடுப்பதில்லை. மோசடி, மிரட்டல் போன்றவற்றைக் காட்டுவதற்கு மட்டும் வாய்ச்சாட்சியம் ஏற்கப்படும். அந்தப் பத்திரம் நடைமுறைக்கு வரும் எண்ணத்துடனேயே எழுதப்படவில்லை, வெறும் பாவனைக்காக எழுதப்பட்டது என்று காட்டவும் சாட்சியம் விடலாம் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆனால் அதை ருஜுப்பிப்பது எளிதன்று. கிரயத்துக்குப் பிறகும் நிலம் யாருடைய அனுபவத்தில் இருந்தது, தீர்வை யார் கட்டினார், கிரயத்தொகை நிலத்தின் மதிப்புக்கு எவ்வளவு குறைந்தது, வட்டியென்று ஏதாவது செலுத்தப்பட்டதா என்பவையே அப்போது பேசும். தீர்வை ரசீதும் அடங்கல் நகலும் குடியானவரின் பெட்டியில் இருக்கவேண்டிய காரணம் இதுவே.

ஏமாந்ததை உணர்ந்தவர் செய்யவேண்டுவது யாது? முதலில், ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக எதிர்த்தரத்தாருக்கு எழுத்துமூலம், ரிஜிஸ்தர் தபாலில் தெரிவிக்கவேண்டும். பத்திரத்தின்கீழ் பெற்ற லாபத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயாரென்று அதில் சொல்லவேண்டும். 64-வது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. சங்கதி தெரிந்தபிறகும் அதன்கீழ் பணம் வாங்குவது, வட்டி கட்டுவது, மறு பத்திரம் எழுதிக் கொடுப்பது ஆகியவை, அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். பிறகு, 1963-ம் வருஷத்துக் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 31-வது பிரிவின்படி, பத்திரத்தை ரத்து செய்து ஒப்படைக்கும்படி கோர்ட்டில் தாவா செய்யலாம். பிராதில், என்னை ஏமாற்றினார்கள் என்று பொதுப்படச் சொன்னால் போதாது. யார், எந்த நாளில், எவ்விடத்தில், என்ன சொல்லி ஏமாற்றினார் என்ற விவரங்கள் வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6-வது ஆர்டர் 4-வது விதி. அந்த விவரங்கள் மறந்துபோகுமுன் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிவைத்துக்கொள்வது நன்று.

காலதாமதம் இருவகையில் கெடுக்கும். பத்திரத்தை ரத்து செய்யும் உரிமையைத் தரும் சங்கதிகள் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷங்களுக்குள் தாவா செய்யவேண்டும் என்பது 1963-ம் வருஷத்து லிமிடேஷன் சட்டத்தின் 59-வது விதி. இதற்கிடையில் அந்நிலத்தை, நடந்தது அறியாத மூன்றாவது மனிதர் ஒருவர் நல்லெண்ணத்துடன் விலைகொடுத்து வாங்கிவிட்டால், ரத்து கேட்பவருக்குக் கோர்ட்டு இல்லையென்று சொல்லலாம். தாவா தாக்கலான பிறகு விற்றாலோ, வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படுவார். ஆகவே அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டு போவது ஆபத்தானது.

கிராம அதிகாரிகள் பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்திட அழைக்கப்படுவதுண்டு. கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் தமிழ்நாட்டில் 1980-ல் எடுபட்டுப் போயினும், கிராம நிர்வாக அலுவலரை நாடும் வழக்கம் நிற்கவில்லை. சாட்சி போடுகிறவர், எழுதிக்கொடுப்பவர் கையெழுத்திட்டதற்கே சாட்சி. உள்ளே எழுதியதை அறிந்தவர் என்று சட்டம் அனுமானிப்பதில்லை. சப்-ரிஜிஸ்திராரும் எழுதிக் கொடுத்தது உண்மையா என்றே கேட்கிறார்; ஒப்பந்தம் நியாயமா என்று கேட்பதில்லை. அங்கே ஆம் என்று தலையசைத்தவர், பின்னால் இல்லை என்று ருஜுப்பிக்கக் கஷ்டப்படுவார். இந்த இடைவெளியில்தான் கிராம அதிகாரி ஒருவருடைய ஐந்து நிமிஷம் பெரும் உதவியாக முடியும். கைநாட்டு வைப்பவருக்குப் பத்திரத்தை உரக்க வாசித்துக் காட்டச்சொல்லி, கிரயமா அடமானமா என்பதையும், சர்வே எண்களையும், தொகையையும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பது எந்தச் சட்டத்துக்கும் விரோதமன்று. வாசித்துக் காட்டியதாகப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதப்படுவது, நேர்மையாக வாங்குகிறவருக்கும் காப்பாகும்.

சர்வே எண்ணைப் பற்றிச் சொன்னது காரணத்தோடுதான். 1968-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த, கர்நாடகப் பக்கத்து வழக்கு ஒன்று உண்டு. 1938 ஜனவரியில் ஒரு பெண் தன் கணவனுக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள். தடவலகா கிராமத்திலுள்ள இரண்டு நிலங்களை மட்டும் எழுதுவதாகவே கணவன் அவளிடம் சொல்லியிருந்தான். லிங்கதஹள்ளி கிராமத்து 91, 92-ம் எண்ணுள்ள நிலங்களையும் உள்ளே சேர்த்துவிட்டான். தானப் பத்திரம் என்பது அவளுக்குத் தெரியுமாதலால் அது அடியோடு செல்லாததாகவில்லை; ரத்து செய்யத்தக்கதே ஆயிற்று; எனவே காலவரையறை பற்றிய கேள்வி எழுந்தது. சொல்லாமல் சேர்த்த நிலங்களைப் பற்றிய மோசடி அவளுக்கு வெகுகாலம் தெரியாது. ஆகவே அவற்றுக்குத் தாவா காலத்தில் வந்ததாகி, அவை அவளுக்குக் கிடைத்தன. அறிந்தே எழுதிய தடவலகா நிலங்களைக் கணவனின் செல்வாக்கினால் எழுதியதாக அவள் சொன்னாள். அதற்குக் காலம், செல்வாக்கிலிருந்து விடுபட்ட நாள் தொட்டல்ல, பத்திரத்தின் உண்மைத் தன்மையை அறிந்த நாள் தொட்டே ஓடுகிறது என்று கோர்ட்டு கூறிற்று. அந்த இரண்டு நிலங்களும் காலங்கடந்த கோரிக்கையாய் அவள் கையைவிட்டுப் போயின.